தொட்டுப் பார்க்கச் சொன்னாள் ஞானம்

எங்கள் சங்கத்துப் பத்திரிகையில் வேலையை விட்டு நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பனியன் கம்பெனியில் என்னை வழியனுப்பிய அன்றைக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னபோதும், கழுத்தில் போட்ட மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் சரி என்றேன்.

இப்போது பல கம்பெனிகளில் செக்கிங்கில் ரெண்டாவது மேசையை எடுத்துவிட்டார்களாம். ஒருத்தியே பார்த்து, ஒருத்தியே பாஸ் போட்டு, பெட்டிக்குப் போய்விடுகிறதாம். அந்த ரெண்டாவது மேசை எதற்கு இருந்தது என்று எழுதுங்கள் என்றார்கள். அதை எழுத உட்கார்ந்தால் ஞானம்தான் வந்து முன்னால் நிற்கிறாள். அவளை ஒதுக்கிவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம். வீட்டுக்காரர் தறி ஓட்டினார், நான் நூல் சுற்றினேன். நெஞ்சில் சளி கட்டி அவர் போய்விட்டார். குழந்தை இல்லை. திருப்பூருக்கு வந்து முதலில் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டினேன். பிறகு மடித்தேன். பிறகு செக்கிங் மேசைக்கு வந்தேன். கடைசி வரைக்கும் அந்த மேசைதான்.

துணியைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. பனியனைக் கழுத்து எதிர்ப்பக்கம் இருக்கும்படி விரிக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் தொடங்கி, தோள் தையல், கை, நெஞ்சு, வயிறு, கீழ் மடிப்பு என்று கண்ணை இறக்க வேண்டும். திருப்பிப் போட்டு முதுகை அப்படியே பார்க்க வேண்டும். கடைசியாக உள்ளே கையை விட்டு விரல்களை அகட்டி டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்க வேண்டும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். கறை இருந்தால் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இது முதல் மேசை.

கறையா, நூலின் நிறமே அப்படியா என்று சந்தேகம் வருகிற பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது. அதை நல்ல பீஸ்களோடு கலந்து ரெண்டாவது மேசைக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவளுக்கு எது சந்தேகப் பீஸ் என்று தெரியாது. அவள் கையும் அதே இடத்தில் நின்றால் அது குறை. நிற்காவிட்டால் சூப்பர்வைசர் பார்த்துச் சொல்வார்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் சூப்பர்வைசர் தங்கவேலு சார். பேர்தான் தங்கவேலு, சாமி கும்பிடாதவர். முருகன் கோயில் தேருக்கு எல்லோரும் லீவு கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் மட்டும் வேலைக்கு வருவார். ஆயுத பூஜைப் பொரியை மட்டும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

"சாமி இல்லைங்கறீங்க, பொரி மட்டும் ஆகுமாங்க?" என்று பொம்பளைகள் கேலி பேசினால், "பொரி இருக்குதுங்களே அம்மிணி, கண்ணுக்குத் தெரியுதே" என்பார்.

யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க அம்மிணி, இந்தப் பீஸைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா" என்று தாழ்ந்த குரலில் கேட்டாரென்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அந்தப் பீஸைத் திரும்ப விரிப்போம். கண்ணாடியைத் துடைக்கத் தன் கைக்குட்டையைத்தான் எடுப்பார். மேசை மேல் வெள்ளைத் துணி மலையாகக் குவிந்திருந்தாலும் அதைத் தொட மாட்டார்.

ஒரு வெள்ளை ஆர்டரில் பக்கத் தையல் ஓரமாக எண்ணெய்க் கறை வந்தது. முதல் மேசையில் ஒரு பெண், "தையல் மெஷின் ஆயிலுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டே வந்த புரொடக்சன் ஆள், நேராகப் போய் அந்த லைனில் தைத்துக்கொண்டிருந்த வயசான டெய்லரைக் கண்டபடி பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கவேலு சார் பீஸை வாங்கிக் கத்தரிக்கோல் முனையால் தையலைப் பிரித்தார். தையலுக்குள் மடிந்திருந்த ஓரம் வரைக்கும் கறை ஓடியிருந்தது. தைக்கிறபோது விழுந்த எண்ணெய் என்றால் மடிப்புக்குள்ளே போயிருக்காது. நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங்கிலிருந்தே துணி கறையோடு வந்திருக்கிறது. அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டெய்லரைக் கூட்டி வந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்:

"எங்கே இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. எதனாலன்னு சொல்லாதீங்க. அது வேற வேலைங்க. அதுக்குத் தையலைப் பிரிக்கோணும்."

ஞானம் எங்கள் மேசைக்கு வந்தது இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆனபிறகு. முழுப் பேர் ஞானசெல்வி. தூத்துக்குடிப் பக்கம். வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். வீட்டுக்காரர் தேவராஜ் வேறு கம்பெனியில் டெய்லர். ஒரே பெண் ஜெபா, எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாள். நான் முதல் மேசை, ஞானம் எனக்கு ரெண்டாவது மேசை. நான் வாயே திறக்காதவள். அவள் வாயே மூடாதவள். அதனால் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

"பழனியக்கா, உங்க முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டில்லா? ஒருத்தி துணியப் பாப்பா, இன்னொருத்தி மறுபடி பாப்பா. அங்கயும் ரெண்டு மேசதான்" என்பாள். நான் சிரித்துவிட்டு, சாமியைப் பார்த்துச் சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் சோற்றைத் தொடவில்லை. மாரில் ஒரு கட்டி என்றாள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றிருக்கிறார்கள். ஆபரேசன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி, வருகிற திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத வலி. "ஜெபாக்கு இன்னும் சடை பின்னத் தெரியாதுக்கா" என்று மட்டும் சொன்னாள். தங்கவேலு சார் லீவு கொடுத்து, வேலை எங்கும் போய்விடாது என்று ஆறுதலும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஞானம் வேலைக்கு வந்து நிற்கிறாள். கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். மேசை மேசையாகக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

சாமளாபுரம் ரோட்டில் ஒரு தறிக் குடோனுக்கு மேலே அவர்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவள் கண்ணை மூடி நின்றிருக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை. உச்சந்தலையிலிருந்து சூடாக ஒன்று இறங்கி, கழுத்து வழியாக வந்து, கட்டி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று போயிருக்கிறது. கண்ணைத் திறந்தால் வலி இல்லை.

"கர்த்தர் தொட்டுட்டாருக்கா. ஆஸ்பத்திரிக்கு இனி என்னத்துக்கு?"

"உங்க பாஸ்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"அவுக ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வாங்கம்மான்னுதான் சொன்னாவ. அவுகளுக்கா வந்துச்சு? எனக்குல்லா வந்துச்சு."

நான் கடலை மிட்டாயைத் தின்னாமல் மேசை ஓரத்தில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்து ஸ்ப்ரே ரூமுக்குக் கூட்டிப் போனாள். கறைக்கு மருந்து அடித்த பீஸ்களை அங்கேதான் கம்பியில் தொங்கப் போட்டிருப்பார்கள். ஈரத்தில் எந்தக் கறையும் போய்விட்டது போலத்தான் தெரியும். மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். சில பீஸில் கறை இருந்த இடத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் திரும்பி வந்திருக்கும். அந்தத் துணிகளுக்குப் பின்னால் நின்று ஞானம் சேலைத் தலைப்பை விலக்கினாள்.

"எந்தப் பக்கம்னு உங்களுக்கு நான் சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். நீங்க தொட்டுப் பாருங்க. உங்க கை நிக்கலைன்னா நான் சொன்னது நெசம்."

எங்கள் மேசை வழக்கத்தை அவள் தன் உடம்புக்கே கொண்டுவந்துவிட்டாள். எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. முடியாது என்று சொல்லவும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனி வைக்காமல் விரல்களைத் தட்டையாக வைத்து மேலேயிருந்து இறக்கினேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம், அக்குளை ஒட்டி, கை நின்றது. ஊறாத கொண்டைக்கடலை போல, அசையாமல்.

"இருக்குது கண்ணு" என்றேன்.

"எங்க?"

விரலை அங்கேயே வைத்திருந்தேன். அவள் கீழே குனிந்து என் விரலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அது கூடுக்கா. கட்டியோட உசிரு போயிட்டு. வலி இல்லைல்லா? வலி போனது பொய்யா, சொல்லுங்க."

"பொய்யில்லை. உன்ற முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"அப்ப யாரு எடுத்தா?"

அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மாசம் அது. சோறு இறங்காது. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தலை மேல் ஒரு கை வந்து படிந்தது. கனம் தெரிந்தது, சூடு தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனாலும் கை எடுபடவில்லை. வேட்டியை மடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. அன்றைக்குச் சாயந்திரம் சோறாக்கிச் சாப்பிட்டேன். முருகன்தான் வந்தார் என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆனா கண்ணு, அந்தக் கை என்ற புருஷனைத் திருப்பித் தரலை. ஆறுதலுக்குத்தான் வந்துது. உனக்கு வந்ததும் அப்படியே இருந்துட்டா?"

ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாள் சொல்லாம இருந்திருக்கியளே" என்றாள். பிறகு, "அது முருகன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? முகத்தைக் காட்டினாரா, மயிலு நின்னுச்சா?"

"இல்லை."

"உங்களுக்குத் தெரிஞ்ச பேரு அது. அதான் அந்தப் பேரு வச்சிட்டிய. என் கர்த்தரா இருந்தா?"

"உன்ற கர்த்தருக்கு மங்கலத்துல என்ன வேலை?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவளோடு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி. சிரிப்பு அடங்கியதும் சொன்னாள், "உங்க கைய நான் நம்புதேன்க்கா. வந்துச்சுன்னா வந்துச்சுதான். நீங்க எனக்கு வந்தத நம்ப மாட்டேங்கியளே."

அவளுக்கு வந்ததை நான் நம்பினேன். கட்டி போய்விட்டது என்பதைத்தான் நம்பவில்லை. அந்த வித்தியாசத்தை அப்போது எனக்கு வார்த்தையாகச் சொல்லத் தெரியவில்லை.

சாயந்திரத்துக்குள் விஷயம் தங்கவேலு சாருக்குப் போய்விட்டது. கடலை மிட்டாய் அவர் மேசைக்கும் போயிருந்ததே. அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி யார் பக்கத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மிணி, ஸ்ப்ரே அடிச்ச பீஸை அன்னைக்கே பெட்டியில போட்டுருவீங்களா?"

"சார், இது துணி இல்ல."

"ஆமாங்க, துணி இல்லீங்க. அதனாலதான் பயமா இருக்குதுங்க. துணின்னா ரிஜெக்ட் பண்ணிட்டு வேற தச்சுக்கலாம்."

மேசையில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உங்களுக்கு வலி போச்சுன்னு சொல்றீங்க, அது உங்க உடம்பு, நான் இல்லைங்கலை. ஏன் போச்சுங்கறதை டாக்டர் பார்க்கட்டுமுங்க. கர்த்தர்தான்னா டாக்டரும் அதைத்தானே சொல்லப் போறாரு. ஒருநாள் போய் வந்துருங்க. நானே வண்டி ஏற்பாடு பண்றேனுங்க."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஞானம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், நீங்க சாமியே இல்லன்னு சொல்லுதவுக. உங்க மேசைக்கு வந்தா என் கர்த்தர் எப்பவும் ரிஜெக்ட்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, பாத்தியா, அவளே நம்பலைன்னு நாளைக்கு இந்த ஹால் பூரா சொல்லும். நீங்க சொல்ல மாட்டிய. மத்தவுக சொல்லுவாவ."

மத்தியானம் ஸ்ப்ரே ரூமில் என் விரலைப் பார்த்து அவள் பேசாமல் நின்றாளே, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சாமி கும்பிடாத ஒருவர் வந்து போ என்று சொன்னதும் அந்தச் சந்தேகம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவது உடம்பைக் காட்டுவதாக இல்லாமல், கர்த்தரை விட்டுக்கொடுப்பதாக ஆகிவிட்டது.

ரொம்ப நாள் கழித்து தங்கவேலு சார் என்னிடம் சொன்னார்: "நான் சாமியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க. ஆனா நான் வாயத் தொறந்தாலே அது சாமியைப் பத்தின பேச்சாயிருது. வேற யாரையாவது விட்டுப் பேசச் சொல்லியிருக்கோணும்."

தேவராஜும் கெஞ்சிப் பார்த்தார். பாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். எல்லோரிடமும் சிரித்த முகமாகவே இல்லை என்றாள். கர்த்தர் தன்னைக் குணமாக்கினார் என்று சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் திரும்பி வர வழி இல்லை. ஷிப்மெண்ட் சீசன் முழுக்க, பெட்டிகள் கப்பலுக்குப் போகிற அத்தனை மாசமும், வேலை பார்த்தாள். வலி வரவே இல்லை. நல்லபடியாகச் சாப்பிட்டாள். எனக்கே கூட, என் கைதான் தப்போ என்று இருந்தது. முருகா, என் கை தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வேலை ஓய்ந்த மாசத்தில் அவள் இடது கையைத் தூக்கி லைட்டுக்கு நேராகப் பீஸைப் பிடிக்கச் சிரமப்பட்டாள். வலது கைக்கு மாற்றிப் பிடித்தாள். நான் பார்த்தேன், தங்கவேலு சாரும் பார்த்தார். கை வீங்கிய பிறகுதான் கோயமுத்தூர் போனாள். அறுத்துப் பயனில்லை என்றுவிட்டார்கள்.

லைன் வீட்டில் அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். கர்த்தரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"யக்கா, அன்னைக்கு வந்தது அவருதான்" என்றாள். "அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இப்பவும் அந்தச் சூட்டை நெனச்சா உடம்பு சிலிர்க்குது."

"சரி கண்ணு."

"என்னத்துக்கு வந்தாருன்னுதான் நானா முடிவு பண்ணிட்டேனோன்னு இருக்கு. தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கூட வாரேன்னு சொல்லத்தான் வந்தாரோ என்னவோ. வலிய எடுத்துட்டு, போன்னு சொல்லியிருப்பாரு. எனக்குக் கேக்கல."

அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவு ஓரத்தில் ஜெபா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையை அவளே பின்னியிருந்தாள். கோணலாக இருந்தது.

ஞானம் போனபிறகு அவளைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. இங்கேயே கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். தங்கவேலு சார் கடைசி வரை நின்று ஒரு பிடி மண் போட்டார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேவராஜ் உள்ளே படுத்திருந்தார். ஜெபா அடுப்பில் நின்றாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"பெரியம்மா, அம்மாட்ட அவரு வந்தது நெசமா?"

"அம்மாவுக்கு வலி போனது நெசம் கண்ணு. திங்கட்கிழமை அவ முகத்தை நான் பார்த்தேன்."

"நான் அதக் கேக்கல."

அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் ஒரு கை வந்துச்சாமே. அம்மா சொன்னா. அது சாமிதான்னு நம்புதியளா?"

"நம்பறேன்."

"நீங்க நம்பலாம் பெரியம்மா. உங்க சாமி உங்கள்ட்ட ஒண்ணும் கேக்கல. சோறு திங்கத்தான சொன்னாரு."

அந்தப் பிள்ளை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அதை எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்துவிட்டேன். என் தலை மேல் வந்த கை பொய்யாகவே இருந்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் அதை நான் எந்த மேசைக்கும் அனுப்ப வேண்டி வரவில்லை. ஞானத்துக்கு வந்ததற்கு அவள் தன்னையே கொடுக்க வேண்டியிருந்தது. அது சாமி இருப்பதற்குச் சாட்சியா, அவள் நம்பினாள் என்பதற்கு மட்டும்தான் சாட்சியா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்பதைத் தங்கவேலு சாரிடமும் சொன்னதில்லை, முருகனிடமும் சொன்னதில்லை.

ஜெபா மூன்று தட்டு வைத்தாள். தேவராஜ் எழுந்து வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வது ஞானத்தின் வழக்கம். இப்போது அவர் கண்ணை மூடித் தலையைக் குனிந்து முணுமுணுக்கத் தொடங்கினார். ஜெபா கண்ணை மூடவில்லை. நேராகச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்துவிட்டாள். வாய் வரைக்கும் கொண்டுபோனவள், அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினாள். அவர் முடிக்கிற வரைக்கும் கையை இறக்கவும் இல்லை, வாயில் வைக்கவும் இல்லை. நானும் என் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.